பேட்டரி வாங்கப் போகிறீர்களா?

பேட்டரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது டார்ச் லைட்டில் போடும் கட்டைதான். இரண்டு கட்டை போட்டால் வீட்டு லைட். மூன்று கட்டை போட்டால், ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் இருக்கும் பெரிய லைட். வெளிச்சம் மங்கினால் என்ன செய்தோம்? கட்டையைக் கழற்றி வெயிலில் காயவைத்தோம். அப்பத்தா அதைத் திண்ணைக் கல்லில் நாலு தட்டுத் தட்டுவார். பையன்கள் பல்லால் கடித்துப் பள்ளம் போடுவார்கள். அதற்கப்புறமும் இரண்டு மூன்று நாள் ஓடும்! கடைசியில் உடைத்து, உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்துச் சுவரில் கோடு கிழித்து விளையாடியதோடு அதன் கதை முடிந்துவிடும்.

அந்தக் கட்டை பரம சாது. வெளியே துத்தநாகக் கூடு, நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் கறுப்பு மாவு, சக்தி 1.5 வோல்ட். மிஞ்சிப் போனால் ஒழுகி டார்ச்சின் உள்பக்கத்தைக் கெடுக்கும். அவ்வளவுதான்.

இன்றைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பது வேறு இனம். லித்தியம் பேட்டரி. செல்போனில் இருப்பது அதுதான். பவர் பேங்க், சார்ஜ் போடும் டார்ச், குழந்தையின் ரிமோட் கார், கையில் பிடிக்கும் குட்டி விசிறி, வாசலில் நிற்கும் மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் அதுதான். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்கிறார்களே லைட், அதில் பலவற்றிலும் அதுதான். பேட்டரி மாறிவிட்டது, ஆனால் நம் பழக்கம் மாறவில்லை. வெயிலில் வைப்பதும், தட்டுவதும், எந்த சார்ஜர் கைக்குக் கிடைக்கிறதோ அதில் சொருகிவிட்டுத் தூங்கப் போவதும் அப்படியே இருக்கின்றன. ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பையன் பாக்கெட்டில் ஒரு ‘பேனா’

முதலில் ஒரு சங்கடமான சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்க எடுக்கும்போது கல்லூரிக்குப் போகும் பையனின் பாக்கெட்டில், ஏன், சில வீடுகளில் பள்ளிக்கூடத்துப் பையில்கூட, பளபளவென்று கலர் பேனா மாதிரி ஒன்று கிடைக்கலாம். கம்ப்யூட்டரில் சொருகும் பென் டிரைவ் மாதிரியும் இருக்கும். முகர்ந்தால் மாம்பழ வாசனை, புதினா வாசனை வரும். அதுதான் ‘வேப்’ என்கிற மின்சிகரெட். உள்ளே நிக்கோட்டின் கலந்த திரவம், அதைச் சூடாக்கி ஆவியாக்க ஒரு சின்னக் கம்பிச் சுருள், அந்தச் சுருளைச் சூடாக்க ஒரு லித்தியம் பேட்டரி.

புகையிலை நம் திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை வைத்து, நம் ஊர்ச் சுருட்டு கடல் கடந்து போயிருக்கிறது. சுருட்டுப் பிடித்தால் தெருமுனையிலேயே நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். இது காட்டிக் கொடுக்காது. அம்மாவுக்குத் தெரியாமல் போவதற்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது.

இதில் எந்தப் பேட்டரி நல்லது என்று வெளிநாட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு அந்தக் கேள்வியே இல்லை. 2018-ல் தமிழக அரசு இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-ம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதையே நாடாளுமன்றச் சட்டமாக்கிவிட்டது. மின்சிகரெட்டைச் செய்வது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் பண்ணுவது எல்லாம் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பதற்காகச் சேர்த்து வைத்திருந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இங்கே கைக்கு வருவதெல்லாம் திருட்டுத்தனமாக வருகிற சரக்கு. திருட்டுச் சரக்குக்குத் தர முத்திரை எங்கிருந்து வரும்? அதற்குள் இருக்கும் பேட்டரி எந்த ஊரில், எந்தக் கொட்டகையில் செய்ததோ, யார் கண்டது?

வெடிக்கவும் வெடித்திருக்கிறது. அமெரிக்காவில் 2018 மே மாதம் ஃபுளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சாஸிலும், வேப் வெடித்து ஆளே இறந்து போயிருக்கிறார்கள். கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் தனி பேட்டரியைப் போட்டு வைத்து, தொடை வெந்துபோனவர்கள் அங்கே பலர். சாவி இரண்டு முனையையும் தொட்டால் போதும், முழுச் சக்தியும் ஒரே நொடியில் வெளியே பாயும்.

அப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? அடுப்பில் போடாதீர்கள். கல்லால் நசுக்காதீர்கள். குப்பைத் தொட்டியிலும் எறியாதீர்கள். சார்ஜில் இருந்தால் சுவிட்சை அணைத்துக் கழற்றி, எரியக்கூடிய சாமான் பக்கத்தில் இல்லாமல், சின்னக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் நிக்கோட்டின் திரவம் குழந்தைக்கு விஷம். அப்புறம் பையனிடம் பேசுங்கள். ‘உன் அப்பாட்ட சொல்லட்டுமா?’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நிக்கோட்டின் பிடித்துக்கொண்டால் அவன் நினைத்தாலும் சட்டென்று விடமுடியாது. புகையிலைப் பழக்கத்தை விட உதவ மத்திய அரசு வைத்திருக்கும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. பையனையே பேசவிடலாம்.

குக்கர் மாதிரிதான்

லித்தியம் பேட்டரிக்குள் என்னதான் இருக்கிறது? வேப்பில் மட்டுமல்ல, உங்கள் பவர் பேங்க்கிலும் நெற்றி லைட்டிலும் பல சமயம் இருப்பது ஒரே மாதிரி உருளை செல்தான். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் கடைக்காரர்கள் அதை ‘18650’ என்று நம்பர் சொல்லிக் கேட்கிறார்கள். உள்ளே இரண்டு உலோகத் தகடுகளைப் பாய் சுருட்டுவது மாதிரிச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஒன்றையொன்று தொடாமல் நடுவில் சல்லாத்துணியைவிட மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள். எல்லாம் ஊறிக் கிடப்பது எளிதில் தீப்பிடிக்கும் ஒரு திரவத்தில்.

அந்த மெல்லிய தாள் கிழிந்தால், நசுங்கினால், சூட்டில் சுருங்கினால், இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும். சூடு கிளம்பும். அந்தச் சூடு இன்னும் சூட்டைக் கிளப்பும். அப்புறம் நிறுத்த முடியாது. விஷப்புகை சீறிக்கொண்டு வரும், அதன் பின்னாலேயே நெருப்பு. இதனால்தான் வெயிலில் காயவைக்கவும் கூடாது, தட்டவும் கூடாது, கடிக்கவும் கூடாது என்கிறேன். சாதுக் கட்டைக்குச் செய்த வைத்தியத்தை இதற்குச் செய்தால் வீடே போய்விடும்.

இப்படியெல்லாம் சொல்வதால் லித்தியம் பேட்டரியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பிரஷர் குக்கரைப் பயந்துகொண்டா சமைக்கிறோம்? நல்ல வால்வு, நல்ல கேஸ்கட் பார்த்து வாங்குகிறோம், வெயிட் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம், அடுப்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவதில்லை. இதுவும் அப்படித்தான். நல்ல பேட்டரியில் சேஃப்டி வால்வு போல ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். 4.2 வோல்ட் ஏறியதும் சார்ஜை நிறுத்திவிடும், ரொம்பவும் இறங்கிப் போகாமலும் தடுக்கும். மலிவுச் சாமானில் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். 1991-ல் ஜப்பானில் சோனி கம்பெனி விற்க ஆரம்பித்த பேட்டரி இது. இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசே கிடைத்தது. நமக்குப் பக்கத்தில் காரைக்குடி சிக்ரியிலும் இதைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. நல்ல பண்டம்தான். கள்ளச் சரக்கில்தான் கோளாறு.

கடையில் பேச்சு

கடைவீதியில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“அண்ணே, பவர் பேங்க் இருக்கா?”

“இருக்குத்தா. இந்தா, இருபதாயிரம். மூணு போனுக்குத் தாங்கும். நானூறு ரூவாதான்.”

“அட்டைப்பெட்டி கெடக்கட்டும், சாமானைக் குடுங்க. முத்திரை எங்க இருக்கு?”

“முத்திரையெல்லாம் பாத்தா இந்த ரேட்டுக்குக் கிடைக்குமா?”

“பில் தருவீங்களா?”

“பில்லு போட்டா விலை ஏறுமேத்தா…”

இந்த இடத்தில் சாமானைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முத்திரை என்று எதைச் சொல்கிறேன்? பவர் பேங்க், செல்போன் பேட்டரி, சார்ஜர் இவையெல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்த பிறகுதான் இந்தியாவில் விற்கப்பட வேண்டும் என்பது விதி. பதிவான சாமானில் அமைவனத்தின் முத்திரையும், ‘ஐ.எஸ்.’ என்று தொடங்கும் தர எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு உரிய தர எண் ஐ.எஸ். 16046. முத்திரையையும் போலியாக அச்சடிக்கிறார்களே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு, அந்தப் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, என்ன சாமான் என்று காட்டும். பவர் பேங்க்கில் இருக்கும் எண்ணைப் போட்டால் வேறு ஏதோ கம்பெனியின் டிவி வந்து நின்றால் புரிந்துவிடுகிறது அல்லவா?

இன்னொரு சோதனை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. தராசு! ஒரு 18650 செல் சுமார் 45 முதல் 48 கிராம் எடை இருக்கும். நல்ல கம்பெனி செல் ஒன்றில் பெரும்பாலும் 2,000 முதல் 3,600 மில்லி ஆம்பியர்-மணி வரை சக்தி நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20,000 என்று போட்டிருந்தால் உள்ளே ஆறு செல்லாவது வேண்டும். பேட்டரி எடையே கால் கிலோவைத் தாண்ட வேண்டும். தட்டையான பேட்டரி போட்டதும் இந்தக் கணக்கிலிருந்து ரொம்ப விலகாது. கையில் தூக்கினால் 150 கிராம்கூட இல்லாத டப்பா 20,000 என்று சொன்னால் அது பொய் சொல்கிறது. சக்தியில் பொய் சொல்கிறவன் சேஃப்டி வால்வில் மட்டும் உண்மை பேசுவானா? ஒற்றைச் செல்லின் மேலே 9,900 என்று அச்சடித்து விற்பதும் உண்டு. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டியதாகவும் இருக்கலாம். எடை சரியாக இருந்தால் மட்டும் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மணல் போட்டு எடை கூட்டுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். எடை குறைந்தால் கட்டாயம் வேண்டாம் என்பதுதான் கணக்கு.

தனிச் செல்லாக வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் இதையேதான் சொன்னது. கம்பெனிகள் இந்தச் செல்களைச் செய்வது சர்க்யூட்டோடு சேர்த்துப் பெட்டிக்குள் பொருத்துவதற்கு. உதிரியாகப் பொதுமக்கள் கையில் கொடுப்பதற்கல்ல. நெற்றி லைட்டில் செல் போய்விட்டால், அந்த லைட் கம்பெனியின் பேட்டரியையே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புது லைட் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். பூப்பறிக்கிற கூலியில் அது பெரிய செலவுதான், தெரியும். ஆனால் அது கட்டியிருப்பது நெற்றியில் அல்லவா!

பென்சில் பேட்டரி விஷயத்திலும் ஒரு ஜாக்கிரதை. பென்சில் பேட்டரி அளவிலேயே லித்தியம் செல்லும் வருகிறது. அது 3.7 வோல்ட். கடிகாரத்திலோ பொம்மையிலோ 1.5 வோல்ட் கட்டைக்குப் பதிலாக அதைப் போட்டால் சாமான் புகைந்துவிடும். சாதாரணக் கட்டையைச் சார்ஜ் போடவும் கூடாது. பழசும் புதுசும் கலந்து போட்டால் பழசு ஒழுகும். ஊருக்குப் போகும்போது ரிமோட்டிலிருந்தும் டார்ச்சிலிருந்தும் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் சாமான் பிழைக்கும்.

சார்ஜருக்கு வருவோம். நம் ஊர் மாங்காய்ப் பூட்டுக்கு அதன் சாவிதான் சேரும். பக்கத்து வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகினால் பூட்டுத்தான் கெடும். சார்ஜரும் அப்படியே. சாமானோடு வந்தது எதுவோ அது, இல்லாவிட்டால் அதே வோல்ட், அதே அளவுள்ள முத்திரை போட்ட சார்ஜர். முனை சேர்கிறது என்பதற்காக ஸ்கூட்டர் சார்ஜரை வேறு ஸ்கூட்டருக்கு மாட்டாதீர்கள்.

வேலூரில் நடந்தது

2022 மார்ச் கடைசியில் வேலூர் அல்லாபுரத்தில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். வாங்கிச் சில நாளே ஆன மின்சார ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிய வீடு. நடு ராத்திரி ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தகப்பனாரும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். தீ அல்ல, புகை! லித்தியம் புகை இரண்டொரு நிமிடத்தில் சின்ன வீட்டை நிறைத்துவிடும்.

அந்தச் சமயத்தில் நாட்டின் வேறு பல இடங்களிலும் வெவ்வேறு கம்பெனி ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு போட்டு, பேட்டரிக்கான விதிகளைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. ஆகவே செகண்ட் ஹாண்ட் ஸ்கூட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுக்காரர் சொன்னால், ‘எந்த மாசம், எந்த வருஷம் செஞ்சதுங்க?’ என்று கேளுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிந்தியது என்றால் நல்லது. பேட்டரியை வெளியே யாரோ மெக்கானிக்கிடம் பிரித்துச் செல் மாற்றியிருந்தால், எந்த வருஷமானாலும் வேண்டாம்.

வாங்கியாயிற்று. எங்கே நிறுத்திச் சார்ஜ் போடுவது? நாகல்நகரிலும் பேகம்பூரிலும் இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு வாசல், நீளமாக ஒரு நடை, பின்னால் சமையலறை. ஸ்கூட்டர் நிற்பது அந்த நடையில். அது எரிந்தால் வெளியே போக வழியே கிடையாது! எனக்குத் தெரிந்து இந்த ஒரு விஷயத்தைத்தான் யாரும் யோசிப்பதில்லை. எந்த பிராண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். நிறுத்துகிற இடத்தை யாரிடமும் கேட்பதில்லை. வாசலுக்கு வெளியே, நிழலில், சுவர் ஓரமாக ஒரு பிளக் பாயிண்ட் வைக்க எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலிதான். 15 ஆம்பியர் பிளக், எர்த் இணைப்பு, தனி ஃபியூஸ் வேண்டும் என்று சொல்லிச் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஜன்னல் வழியாக விடாதீர்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கட்டிலுக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. அரை மணி நேரமாவது ஆறட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது அதன் சூடு 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கிக்குள் அதைத் தாண்டிவிடும். பவர் பேங்க்கை டிக்கியில் போட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குள் போகாதீர்கள்.

போனையும் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். மெத்தையில் சூடு வெளியேறாது. தரையிலோ கல் மேடையிலோ வையுங்கள். எந்த பேட்டரியாவது பூரி மாதிரி உப்பினால், தொட முடியாமல் சுட்டால், இனிப்பும் நெடியும் கலந்த ஒரு மாதிரி வாசனை வந்தால், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. பிளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே பழைய மண்சட்டியில் வையுங்கள். ஊசியால் குத்தி ‘காற்றை’ எடுக்கிறேன் என்று யாரையும் விடாதீர்கள்.

தீயே பிடித்துவிட்டால், போன் மாதிரிச் சின்னச் சாமான் என்றால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம். அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும், அதனால் நிறைய ஊற்ற வேண்டும். ஸ்கூட்டர் என்றால் அணைக்கப் போகவே வேண்டாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். நகை, பத்திரம் என்று உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

சின்னஞ்சிறு தட்டு, பெரிய எமன்

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். பட்டன் பேட்டரி என்று ஒன்று இருக்கிறது. வெள்ளிக் காசு மாதிரி வட்டமாக, மினுமினுப்பாக இருக்கும். கார் சாவியில், எடை பார்க்கும் மெஷினில், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில் எல்லாம் அது உண்டு. கார்த்திகைக்கு எண்ணெய் இல்லாமல் எரிகிறதே என்று வாங்குகிறோமே எலெக்ட்ரிக் அகல், அதன் அடியிலும் அதுதான். மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கத்துக் கடைகளில் வாங்கும் மினுக்கு மோதிரம், மினுக்குக் கொம்பு இவற்றிலும் இருக்கும். அந்தப் பொம்மை மறுநாளே உடையும். பேட்டரி தரையில் உருளும். தவழுகிற குழந்தை எடுத்து வாயில் போடும்.

20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பட்டன்தான் இவற்றில் மிகவும் கெட்டது. அது சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும். பேட்டரி ஒழுகவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்திலேயே சோடாக்காரம் மாதிரி ஒரு காரம் உண்டாகிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே தசையை அரித்துப் புண்ணாக்கிவிடும். குழாயையே ஓட்டையாக்கிப் பெரிய ரத்தக்குழாய் வரை போனால் குழந்தையைக் காப்பாற்றுவது கஷ்டம். ரிமோட்டில் வேலை செய்யாத ‘செத்த’ பேட்டரிக்கும் இதற்கு வேண்டிய சக்தி மிச்சமிருக்கும்.

விழுங்கியதை நீங்கள் பார்க்காமலே இருக்கலாம். குழந்தை திடீரென்று வாயில் எச்சில் ஒழுகவிட்டுச் சாப்பிட மறுக்கும், இருமும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழும். ஒன்றுமே காட்டாமலும் இருக்கும். ‘காசு முழுங்கிட்டான், நாளைக்கு வெளிய வந்துரும், வாழைப்பழம் குடு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள்! எக்ஸ்-ரேயில்கூட முதல் பார்வைக்குக் காசு மாதிரிதான் தெரியும். ‘பட்டன் பேட்டரியாக இருக்கலாம்’ என்று டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே மாதிரி பேட்டரியோ அட்டையோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சாப்பாடு, பால் எதுவும் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைத்து உடனே கிளம்ப வேண்டும். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு நேரே போகலாம். குழாய் விட்டு எடுக்க வேறு ஊருக்கு அனுப்பினாலும், முதல் எக்ஸ்-ரே உடனே எடுத்தாக வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்று அமெரிக்க விஷமுறிவு மைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து, அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேனே கூடாது. மூக்கில், காதில் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து விடாமல் ஓடுங்கள்.

பொம்மை வாங்கும்போது பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்க வருகிறது என்றால் வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் முத்திரையை எதிர்பார்க்க முடியாது, குழந்தை அழுகையையும் தாங்க முடியாது என்றால், விசில், பலூன், மரச்செப்பு என்று பேட்டரி இல்லாததாகப் பார்த்து வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். வீட்டிலிருக்கும் ரிமோட்களின் மூடியை இன்றைக்கே ஒரு தடவை தடவிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அகலமான டேப் போட்டு இறுக்குங்கள்.

தீர்ந்துபோன பேட்டரிகள் வீட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். இவற்றைப் போகிக்குக் கொளுத்தும் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வெடிக்கும். நகராட்சி மாநகராட்சியாகி (2014-ல்) குப்பையைத் தினமும் வந்து வாங்குகிறார்கள். மட்கும் குப்பையோடு லித்தியம் பேட்டரியைக் கலந்து கொடுத்தால், வண்டியில் அமுக்கும்போது நசுங்கித் தீப்பிடிக்கும். அதைக் கையால் பிரிப்பதும் நம்மைப் போன்ற ஒரு பெண்தான். பேட்டரி செய்கிற கம்பெனிகள் பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2022-ம் வருஷத்து பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. செல்போன் சர்வீஸ் சென்டரிலும் ஸ்கூட்டர் ஷோரூமிலும் கேளுங்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள், அவர் அதைச் சுத்தியலால்தான் திறப்பார்.

அதுவரை வீட்டில் வைப்பதற்கு, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். ஒவ்வொரு பேட்டரியின் இரண்டு முனையிலும் எலெக்ட்ரீஷியன் டேப் ஒட்டுங்கள். பட்டன் பேட்டரி என்றால் இரண்டு பக்கமும் மூடும்படி முழுக்கச் சுற்றிவிடுங்கள். டப்பாவைப் பரண் மேலே, கேஸ் அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். உப்பிய பேட்டரியை மட்டும் இதில் போடாதீர்கள், அது வெளியே மண்சட்டியிலேயே இருக்கட்டும்.